பதினேழு கிணற்று அட்டை

கண்ணு,

நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தட்டில் போட்ட இட்லியை அப்படியே வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொச்சிக்கு ரயிலேறப் போனவன், நலமாக இருக்கிறேன் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்கிறாய். சாயப்பட்டறையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவள் நான். "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டு ஒரு லாட் துணியையே கெடுத்து வைத்தவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! அதனால்தான் எழுதுகிறேன். கப்பல் கிளம்புவதற்கு முன்னால் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். கூரியர்க்காரரையும் நம்பாமல் ரசீதை வாங்கி வைத்துக்கொள்வேன். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டு. அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

நான் சந்தேகப் பிராணி என்பது ஊரறிந்த விஷயம். உன் அப்பா கம்பெனி வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது எல்லோரிடமும் சொல்வாராம், "எங்கூட்டுக்காரி முருகனுக்கு ஆறு முகம் இருக்குதான்னு எண்ணிப் பாத்துட்டுத்தானுங்க கும்புடுவா" என்று. சொல்லிவிட்டுப் போகட்டும். நீ தூத்துக்குடியில் கடலைப் பற்றிப் படிக்கப் போனபோது, மூன்று மாதம் லீவுக்கு வராமல் இருந்தாயே, நினைவிருக்கிறதா? எவளோ ஒருத்தி உன்னைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து உன் ஹாஸ்டல் வாசலில் நின்றேன். நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் உன் பெட்டியைக் குடைந்தேன். உள்ளே என்ன இருந்தது? வரிசை வரிசையாகப் பாட்டில். பாட்டில் நிறையச் சேறு. ஒவ்வொன்றின்மேலும் தேதி, இடம், எத்தனை ஆழம் என்று சீட்டு ஒட்டியிருந்தாய். பெண் பிள்ளையின் போட்டோவைத் தேடி வந்தவள் கடல் சேற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ ஈரத் தலையோடு வந்து, "ஏம்மா, இதுல யாராச்சும் ஒளிஞ்சிருக்காங்களா?" என்று கேட்டாய். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் அந்தப் பாட்டில்களுக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் போவதற்குள் காட்டிவிட வேண்டும் என்று நீ அவசர அவசரமாக லேப்டாப்பை விரித்தாய். கப்பலுக்கு அடியிலிருந்து சத்தத்தைக் கீழே அனுப்புவோம், அது கடலின் தரையைத் தொட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் போட்டு ஆழத்தைக் கண்டுபிடிப்போம் என்றாய். பாறையாக இருந்தால் சத்தம் பலமாகத் திரும்பும், சேறாக இருந்தால் அமுங்கித் திரும்பும் என்றாய். சந்தேகமான இடத்தில் கயிற்றில் கேமராவை இறக்கிப் பார்ப்போம் என்று நீ சொன்னபோது, பரவாயில்லை, என் பிள்ளைக்கும் என் புத்தி கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெயிலே போகாத அந்த ஆழத்திலும் பவளம் வளர்கிறது, விரல் கனம் வளர ஒரு மனுஷ ஆயுசு ஆகும், கனமான வலை ஒரு தடவை தரையோடு உரசிக்கொண்டு போனால் அத்தனையும் பொடியாகிவிடும் என்றெல்லாம் சொன்னாய். எது எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் கொடுத்தால்தான், இந்த இடத்தில் யாரும் வலை இழுக்கக் கூடாது என்று சர்க்காரிடம் கேட்க முடியும் என்றாய். அப்புறம் அந்தப் படத்தைக் காட்டினாய். போன வருஷம் மற்றவர்கள் போய் எடுத்து வந்தது. சேற்றுக்கு ஒரு நிறம், மணலுக்கு ஒரு நிறம், பாறைக்கு ஒன்று, பவளம் இருக்கிற இடத்துக்கு மட்டும் பளிச்சென்று ஒன்று.

"இதை யாரு பெட்டியில வெச்சுப் பூட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"பூட்ட மாட்டாங்கம்மா. யாரு வேணும்னாலும் பாக்கலாம்."

"யாரு வேணும்னாலும்னா, திருடனும்தான?"

நீ சிரித்தாய். நான் விடவில்லை. இதற்குப் பணம் யார் கொடுக்கிறார்கள், காப்பாற்றுகிறேன் என்று வருகிறவன் எதற்காக முதலில் எங்கே இருக்கிறது என்று கேட்கிறான், கடலுக்கு அடியில் இரும்பும் தங்கமும் தோண்டப் போகிறவர்களுக்கு இந்தப் படம் போகாது என்று எழுதிக் கொடுப்பார்களா என்று அடுக்கிக்கொண்டே போனேன். நல்ல சாமான் எங்கே இருக்கிறது என்று நிறம் பூசிக் காட்டுவதும், திருடனுக்கு டார்ச் அடிப்பதும் ஒன்றுதான் என்றேன். உனக்கு முகம் சுருங்கிவிட்டது. "இப்ப எப்படி இருக்குதுன்னு யாரும் எழுதி வெக்கலைன்னா, நாளைக்குக் கெட்டுப்போனா, கெட்டுப்போச்சுன்னே சொல்ல முடியாதும்மா. முன்னாடி நல்லா இருந்துச்சுன்னு எப்படிக் காட்டுவ? மாமனுக்கு அதான ஆச்சு?" என்றாய். அதற்குத்தான் நான் அப்படிக் கத்தினேன். "உன்ற மாமனப் பத்தி உனக்கென்னடா தெரியும்" என்று கத்தினேன். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும். நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாய்.

உன் மாமனைப் பற்றி உனக்குத் தெரியாததுதான் கண்ணு, இனி எழுதப் போவது.

பல்லடம் பக்கத்தில் உன் மாமனின் தோட்டம் முன்னால் எப்படி இருந்தது என்று உனக்குச் சரியாக நினைவிருக்காது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நுரை பொங்கும். அதற்குமேல் அதை வர்ணிக்க எனக்குத் தெரியாது. அந்தச் சமயத்தில் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொன்றாகச் சாயப்பட்டறைகள் வந்துகொண்டிருந்தன. நம் ஊருக்குள்ளும் வந்துவிடக் கூடாது, நல்ல தண்ணீர்க் கிணறுகளைக் காப்பாற்ற வேண்டும், கலெக்டருக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்று உன் மாமனும் சில பேரும் சேர்ந்து பேசினார்கள். எந்தெந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் என்று காட்ட வேண்டுமே, அதற்கு என்ன செய்வது என்று அண்ணன் கேட்டார். நான் செய்து தருகிறேன் என்றேன். அப்போது நான் திருப்பூரில் ஒரு பட்டறையின் லேபில் இருந்தேன். லேப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. நாலு அடுப்பு, வரிசையாகக் குவளை, ஒரு தராசு. துணி வாங்குகிற பையர் அனுப்பும் துண்டின் நிறத்தைப் பார்த்து, அதே நிறம் வருகிற மாதிரிச் சின்னத் துண்டில் சாயம் போட்டு அட்டையில் ஒட்டி அனுப்புவதுதான் என் வேலை.

தண்ணீரைச் சோதிக்க அந்தக் காலத்தில் எங்களிடம் ஒரு வழி இருந்தது. எல்லாத் தண்ணீரிலும் ஒரே அளவு சாயத்தைப் போட்டு ஒரே அளவு பனியன் துணியை முக்கி எடுப்போம். வெளிர் நீலமாக இருந்தால் நல்லது, அது எதையும் மறைக்காது. நல்ல தண்ணீரில் நீலம் தெளிவாக ஏறும். உப்புத் தண்ணீரில் மங்கிப் போகும், திட்டுத் திட்டாகப் பிடிக்கும். உன் மாமன் பதினேழு கிணற்றிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்தார். பதினேழு துண்டுக்குச் சாயம் போட்டேன். பெரிய அட்டையில் ஊரை வரைந்தேன்: கோயில், பஸ் நிற்கிற இடம், வண்டிப்பாதை. எந்தக் கிணறு எங்கே இருக்கிறதோ அங்கே அதன் துண்டை ஒட்டினேன். பக்கத்தில் தேதி போட்டு, கிணற்றுக்காரரிடம் கையெழுத்து வாங்கினோம். எந்த விவசாயி ஊரைப் படமாகப் போட்டுக் கலெக்டரிடம் கொடுத்தாலும் சாதாரணமாகக் கோடு போட்டுப் பெயர் எழுதித்தான் கொடுப்பார். நான் சாயக்காரி. என் கைக்குத் தெரிந்தது நிறத் துண்டு ஒட்டுகிற ஷேடு அட்டைதான். அதை உலகத்தில் யார் முதலில் படிப்பார்கள் என்று நான் யோசிக்கவேயில்லை. விவசாயி பார்த்தால் அது பதினேழு நீலத் துணி. சாயப்பட்டறைக்காரன் பார்த்தால் எங்கே பட்டறை போடலாம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கடைசித் துண்டு காயட்டும் என்று அட்டையை லேபிலேயே வைத்திருந்தேன். முதலாளி வந்தார். கொங்கு நாட்டில் மரியாதையாகக் கேட்டால் எதையும் கொடுத்துவிடுவோம், அதுதான் நமக்குச் சாபம். "ஏனுங்க அக்கா, இது நீங்க பண்ணுனதுங்களா? எங்க சாய மாஸ்டருக்கெல்லாம் இந்தக் கைநேர்த்தி வராதுங்க. ரெண்டு நாளைக்கு வெச்சுப் பாத்துட்டுத் தரட்டுங்களா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "தாராளமாப் பாருங்க" என்றேன். சந்தேகம் வர வேண்டிய அந்த ஒரே இடத்தில் எனக்குச் சந்தேகம் வரவில்லை கண்ணு. இரண்டாவது நாள் சொன்ன சொல் தவறாமல் திருப்பிக் கொடுத்தார். இங்கே மனுவுக்கு ஆள் ஆளாகக் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள், அங்கே உன் மாமன் தோட்டத்துக்குப் பக்கத்துப் பூமி முதலாளியின் மச்சான் பெயருக்குக் கிரயம் ஆகிவிட்டது. மனு அதோடு நின்றுபோனது, அட்டை என்னிடமே தங்கிவிட்டது. அந்தத் தீபாவளிக்கு முதலாளி எனக்கு மட்டும் பட்டுப்புடவை கொடுத்தார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் கட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். பட்டறை வந்தது, ஆழ்துளை போட்டு நல்ல தண்ணீரை இழுத்தார்கள், கழித்த தண்ணீரை ஓடையில் விட்டார்கள். உன் மாமன் கிணற்றில் ஒரு வருஷம் வெளிர் சிவப்பு, இன்னொரு வருஷம் பச்சை. தென்னை காய்க்காமல் நின்றது. மாடு வாய் வைக்கவில்லை. நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டார். விசாரணையில், "இந்தப் பக்கத்துத் தண்ணி ஆதியிலிருந்தே உப்புத்தானுங்க, பட்டறையால ஒண்ணும் கெடலை" என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டது. முன்பு நல்ல தண்ணீராக இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே உன் மாமன் நம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மிணி, அந்த அட்டை உன்றகிட்டத்தான இருக்குது? குடு" என்றார்.

பீரோவில், என் கூறைப்புடவைக்கு அடியில், பனியன் துணியில் சுற்றி வைத்திருந்தேன். பத்தடி தூரம் இருக்கும். ஆனால் அதை வெளியே எடுத்தால், இது எப்போதிலிருந்து இருக்கிறது, யார் யார் பார்த்தார்கள் என்று கேட்பார்கள். நான் முதலாளியிடம் காட்டியது அண்ணனுக்குத் தெரிந்துவிடும். நான் அப்போதும் அதே முதலாளியிடம்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். "அது செல்லரிச்சுப் போச்சுதுங்க அண்ணா" என்றேன். வாய் கூசவில்லை. நன்றாக நினைவிருக்கிறது, கொஞ்சம்கூடக் கூசவில்லை. அவர் சற்று நேரம் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "செரி அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனார். காபி வேண்டாம் என்றார். மனு தள்ளுபடி ஆனது.

இதுதான் உன் அம்மா. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிகிறவள், எவன் எதை ஒளிக்கிறான் என்று எல்லோர் பெட்டியையும் குடைந்தவள், தன் பீரோவை மட்டும் யாரையும் திறக்க விடாதவள். படம் போட்டதுதான் தப்பு, படம் என்றாலே திருட்டுக்கு வழி என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஒரே வார்த்தையில் அதை உடைத்துவிட்டாய். படம் போட்டது தப்பில்லை. பாராட்டுக்கு மயங்கிக் காட்டியது ஒரு தப்பு, தேவைப்பட்ட அன்றைக்கு ஒளித்தது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டும் என் தப்பு. உன்மேல் காட்டிய கோபம் உன்மேல் வந்த கோபமே இல்லை சாமி.

மேல்மனுப் போட இன்னும் வழி இருக்கிறது என்று வக்கீல் சொன்னதாகப் போன மாதம் உன் அப்பா சொன்னார். ஆதாரம் இருந்தால்தான் போட முடியுமாம். இந்த இடத்தில் கடிதத்தை நிறுத்துகிறேன். அட்டையை எடுத்துக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வந்து மீதியை எழுதுகிறேன். வராமல் போனால் உன் அப்பா இதை இப்படியே அனுப்புவார்.

போய்விட்டு வந்துவிட்டேன்.

பல்லடத்தில் பஸ் மாறி, பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். உன் மாமன் குடிதண்ணீர் கேனை வாசலிலிருந்து உள்ளே உருட்டிக்கொண்டிருந்தார். கிணற்றைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். "வா அம்மிணி" என்றார். நான் உட்காரவில்லை. சுற்றியிருந்த துணியைப் பிரித்து அட்டையை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கொண்டு போய்ப் பிடித்துப் பார்த்தார். நிறத்தை வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு காலத்தில் அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இத்தனை வருஷம் இருட்டில் கிடந்ததால் துணிகள் அவ்வளவாக வெளுக்கவில்லை. விரலால் வண்டிப்பாதையோடு போய்த் தன் கிணற்றைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் அவருடைய கையெழுத்து. "அட, நம்ம தண்ணி" என்றார். அந்தக் குரலைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

"செல்லரிச்சுப் போச்சுன்னயே" என்றார்.

"பொய்யிங்க அண்ணா." முதலாளிக்குக் காட்டியதையும், புடவை வாங்கியதையும், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொதலாளிக்குக் காட்டுனது எனக்கு அப்பவே தெரியும் அம்மிணி. ஊருக்கே தெரியும். கிரயம் ஆன அன்னைக்கு அவனே டீக்கடையில பெருமையாச் சொன்னான், உங்க அம்மிணி போட்டுக் குடுத்த அட்டைன்னு. அதை நான் அன்னைக்கே உட்டுட்டேன். ஏமாந்தவ நீயி, உன்னையக் கேட்டு என்ன பண்றது? ஆனா, ஊட்டுக்குள்ள வெச்சுக்கிட்டே இல்லைன்னு சொன்னயே. அதைத்தான் என்னால..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை மறைப்பதற்காக அவருடைய கிணற்றைக் காவு கொடுத்திருக்கிறேன் கண்ணு. உன் மாமன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "பையன் எப்பக் கப்பலேர்றான்?" என்று கேட்டார். புதன்கிழமை என்றேன். அங்கே என்ன வேலை என்று கேட்டார். நீ சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்: கடலுக்கு அடியில் எங்கே எது உயிரோடு இருக்கிறது என்று நிறம் போட்டுப் படம் எடுக்கிறான், நாளைக்கு யாராவது கெடுத்தால் முன்பு இப்படி இருந்தது என்று காட்டுவதற்கு.

"நல்ல வேலைதான்" என்றார். அட்டையைத் துணியில் சுற்றி, என்னிடம் திருப்பித் தராமல் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு மூணு நகல் எடுத்து வெக்கச் சொல்லு. வேற வேற ஆளுங்ககிட்டக் குடுத்து வெக்கச் சொல்லு. உன்றகிட்ட மட்டும் ஒண்ணும் குடுக்க வேண்டாம்னு சொல்லு."

சிரித்துக்கொண்டே சொல்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

மாமன் சொல்லச் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் உனக்கு எழுதிவிட்டேன். அப்படியே செய்.

அம்மா